நாலாவது இடைவெளி

இன்னும் இரண்டு பேருடைய வேலையைப் பார்த்து முடித்தால் அடுத்தது தன்னுடையதுதான். வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை மதியக் கூட்டம் என்றால் ஏசியை யாராவது பதினெட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கேட்டால் கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டுமாம், மனுசருக்கு வேண்டாமா என்று கேட்க வாய் வரும், கேட்டதில்லை. எதிரில் குழந்தைவேலு தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் முக்கிக்கொண்டிருந்தார். முக்கி, ஒரு நொடி பிடித்து, சொட்டுகிறதா என்று பார்த்து, சொட்டிய பிறகு வாயில் போடுகிறார். அந்தச் சொட்டு எங்கே விழுகிறது? அவள் வேலையின் அச்சுப்பிரதி மேல் விழுகிறது. நாற்பத்தாறு மேக்ரோவையும் தாளில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது அந்த ஆள். எல்லோரும் திரையில் பார்க்கும்போது இது மட்டும் தாளில் பார்க்கும், ஓரத்தில் பென்சிலால் டிக் அடிக்கும். முதல் தாளில் ஒரு டிக் விழுந்திருக்கிறது, எதற்கு விழுந்தது என்று இங்கிருந்து தெரியவில்லை. சுவரில் மாட்டிய பெரிய திரையில் வேறு யாருடைய வேலையோ ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ தேதியைச் சரிபார்க்கிற விஷயம், நவநீதன் அதை வாசித்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன்தான் இப்போது இழை மொழியின் பொறுப்பாளன். நூற்பாலை மெஷின்களுக்கு என்ன செய்ய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் மொழி அது. கோயமுத்தூரிலேயே பிறந்த மொழி. பிறக்கும்போது அறையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொன்று அந்தப் பக்கம் பன் தின்கிறது.

மூன்று இடைவெளி. அந்த ஆளின் பழக்கம் மூன்று. வரியை உள்ளே தள்ளி ஆரம்பிக்க எல்லோரும் நாலு தட்டும்போது இது மூன்று தட்டும். அந்தக் காலத்தில் எந்த விதியும் கிடையாது, அவரவர் இஷ்டம். பின்னால் விதி வந்தது, நாலு இடைவெளி, அடைப்புக்குறி இன்ன இடத்தில், வரி முடிந்தால் அரைப்புள்ளி, எல்லாவற்றையும் தானாகவே ஒழுங்கு செய்கிற கருவியும் வந்தது. ஆனால் அந்தக் கருவி மேக்ரோவுக்குள் போகாது. மேக்ரோ என்பது ஒரு சுருக்கப் பெயர். நீளமாகப் பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெயரை எழுதினால் போதும், மெஷின் அந்தப் பத்து வரியை அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்னால் அது அரைகுறைப் பேச்சு மாதிரி இருக்கும், எது எங்கே முடிகிறது என்று கருவிக்குப் புரியாது, புரியாததைத் தொடாமல் விட்டுவிடும். கருவிக்கு இருக்கிற அந்த நாணயம்கூட மனுசனுக்கு இல்லை. ஆகவே பொது நூலகத்தில் இருக்கிற நாற்பத்தாறு மேக்ரோவும் பிறந்த கோலத்திலேயே கிடந்தன, மூன்று இடைவெளியோடு, கோணல் அடைப்புக்குறியோடு. இவற்றைக் கையால்தான் ஒழுங்கு செய்ய வேண்டும், நான் செய்கிறேன் என்று ஆடியில் நடந்த கூட்டத்தில் வசந்தாமணி சொன்னபோது எல்லோருக்கும் நிம்மதி. யாருக்கும் பிடிக்காத வேலை. "அக்காவுக்குத்தான் அந்தப் பொறுமைங்க" என்றான் நவநீதன். பொறுமையாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு இடைவெளி, நாலாவது இடைவெளி, கண்ணுக்கே தெரியாத ஒன்று. அதைத் தட்டியதும் அந்த வரி அவளுடையது. எந்த வரி மேல் வைத்து அழுத்தினாலும் கடைசியாக அதைத் தொட்டவர் பெயர் வரும், ஆபீசில் அதற்கு 'யாரு கை' என்று பெயர். இன்றுவரை நாற்பத்தாறு மேக்ரோவிலும் எந்த வரியை அழுத்தினாலும் குழந்தைவேலு, குழந்தைவேலு, குழந்தைவேலு. சீட்டுக் கம்பெனி போர்டு மாதிரி. அவள் வேலை சேர்ந்துவிட்டால் எல்லா வரியும் வசந்தாமணி. அடுத்த மாசம் நூலகத்தை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து விடுகிறார்கள், கூடவே அச்சில் ஒரு கையேடு, அதில் ஒவ்வொரு மேக்ரோவுக்குக் கீழும் ஆக்கியவர் பெயர். "யார் கேக்கறது, யார் சொல்றதுன்னு சண்டையே வேண்டாமுங்க. எந்தப் பேர்ல வரி அதிகமோ அந்தப் பேரை மெஷினே எடுத்துப் போட்டுக்கும்" என்று நவநீதன் சொன்ன அன்றைக்கே அவள் ஒழுங்கு செய்ய ஒப்புக்கொண்டாள். அந்த ஆளுக்கு இது புத்தியில் ஓடியிருக்குமா? பென்சில் இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது.

மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. காந்திபுரத்தில் ஒரு சந்து. கீழே வார்னிஷ் காய்ச்சுகிற வாடை மேலே ஏறி வந்து துணியில், தலைமுடியில், டிபன் பாக்ஸ் மூடியில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தயிர்ச்சாதத்தில் வார்னிஷ் வாடை. இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர். ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரே பெயர், அந்த ஆளுடையது. ஏனென்றால் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அது, அவளைவிட இருபது நாளோ என்னவோ முன்னால். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்." எத்தனை மரியாதையான பேச்சு. அவளுக்குக் கீபோர்டில் கை ஓடாது என்று யார் சொன்னது? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் அவள், அந்த ஆள் இரண்டு விரலால் கொத்தும், கோழி மாதிரி. இருந்தாலும் நாற்காலி ஒன்றுதான், அது எழுந்திருக்காது. அவள் பின்னால் நின்று சொல்வாள். இங்கே அடைப்புக்குறி, இப்போது சுற்று எண்ணிக்கை, இந்தப் பெயரை முதலில் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் இல்லாவிட்டால் பின்னால் வருகிற பெயரோடு முட்டும். அந்த ஆள் கொத்தும். சில நாள் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் யோசிக்கறீங்க" என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவள் அப்போது நம்பினாள். ஒரு தடவை மில் முதலாளிகள் வந்தார்கள், நாலு பேர், வெள்ளை வேட்டியும் செண்ட் வாசனையும். ஓட்டிக் காட்ட வேண்டும். சுவரில் இருந்த பிளக் பாயின்ட் லூசு, கையை எடுத்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். வசந்தாமணிதான் சுவரோரம் குனிந்து பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆள் எழுந்து நின்று, கையை ஆட்டி, இது இப்படி, அது அப்படி என்று அவள் சொன்னதையெல்லாம் சொல்லியது, அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்லியது. "அந்தம்மா யாருங்க?" என்று ஒரு முதலாளி கேட்டார். "நம்ம வசந்தாங்க. ஒத்தாசைக்கு இருக்குது." ஒத்தாசை. கை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் திரை கறுத்துப் போயிருக்கும், அந்த ஆள் வாய் பாதியில் நின்றிருக்கும். கட்டைவிரலில் ஷாக் சுரீர் சுரீர் என்று ஏறிக்கொண்டிருந்தது, அப்படியும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாயிற்று. ஓடிக்கொண்டிருந்தது தன் வேலை, அதனால்தான். அது அணைவதைப் பார்க்க முடியவில்லை.

இருபத்தொன்பது, பதினொன்று, ஆறு. இது அவள் கணக்கு. இருபத்தொன்பது மேக்ரோ அவள் சொல்லி அந்த ஆள் அடித்தது. பதினொன்று அந்த ஆளே யோசித்து அந்த ஆளே அடித்தது. ஆறு யாருடையது என்று தெரியாது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்த நாட்கள். வெறுப்பு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். அந்த ஆறில் ஒன்றிரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாமா என்று பார்த்ததுண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, இதில் என் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிற மாதிரி பார்த்ததுண்டு, முடியவில்லை, ஆறு ஆறாகவே நின்றது. தொந்தரவு ஆறில் இல்லை. பதினொன்றில். தன்னுடைய இருபத்தொன்பதை மட்டும் ஒழுங்கு செய்தால், ஏனுங்க அக்கா மீதி என்ன பாவம் பண்ணிச்சு என்று யாராவது கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் செய்தாள். பதினொன்றில் முதலாவதைத் திறந்தபோது விரல் நின்றுவிட்டது. நாலாவது இடைவெளியைத் தட்ட வேண்டியதுதான், விதியே அதுதான், யார் செய்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மற்றவர் தட்டினால் அது ஒழுங்கு, அவள் தட்டினால் அது என்ன என்று அவளுக்குத் தெரியும். கட்டிலில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், "என்னமோ பெருசா எழுதறேன்னு பார்த்தா, ஒரே பட்டனைத் தட்டிட்டு உக்காந்திருக்கற" என்றார். "ஒழுங்கு பண்றனுங்க." "ஒழுங்கு பண்றவ மூஞ்சியா இது? ஆளைக் கடிக்கற மாதிரி இருக்குது." அவள் தட்டினாள். முதல் வரி தட்டியதும் இரண்டாவது சுலபமாக வந்தது. பதினோராவது மேக்ரோவுக்கு வரும்போது விரலுக்கு எதுவுமே தெரியவில்லை. அப்படியென்றால் அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, இருபத்தொன்பதில் முதல் ஒன்றில் மட்டும் விரல் நின்று, பிறகு, சீ, அது எதற்கு இப்போது, அந்த ஆளுக்கு விரல் நின்றிருக்காது, கோழிக்கு நிற்குமா.

தேதி விஷயம் முடிந்தது. இன்னும் ஒன்றுதான். பயமெல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, விலக்குப் பட்டியலில். ஒரு திருத்தம் வெறும் ஒழுங்குக்காகச் செய்தது, பொருள் எதுவும் மாறவில்லை என்றால், அந்தத் திருத்தத்தின் எண்ணை ஒரு பட்டியலில் சேர்த்துவிடுவது இங்கே வழக்கம். சேர்த்துவிட்டால் 'யாரு கை' பார்க்கிறபோது மெஷின் அதைத் தாண்டி அதற்கு முன்னால் இருந்த பெயரைக் காட்டும். தூசி தட்டியவர் பெயர் எதற்கு, எழுதியவர் பெயர் போதும் என்ற நியாயம். நல்ல நியாயம்தான், அவளே கை தூக்கி ஒப்புக்கொண்ட நியாயம்தான், யாரோ பையன் எங்கேயோ காற்புள்ளியை நகர்த்தி ஊரையே தன் பெயருக்கு மாற்றியபோது. அதே நியாயம் இன்றைக்கு அவள் கழுத்தைப் பிடிக்கும். வெறும் ஒழுங்குதானே அக்கா என்று நவநீதன் கேட்பான், ஆமாம் என்றால் பட்டியல், நாலாவது இடைவெளி அத்தனையும் வீண், மறுபடி குழந்தைவேலு, குழந்தைவேலு. ஆகவே வெறும் ஒழுங்காக இல்லாமல் ஒரே ஒரு நிஜத் திருத்தத்தையும் உள்ளே வைத்திருக்கிறாள். பத்தொன்பதாவது மேக்ரோ, நூலறுப்பு. நூல் அறுந்தால் எண்ணுகிற மேக்ரோ. அதனிடம் கொடுப்பதை அது இரண்டு இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு இடம் வரம்பு தாண்டியதா என்று பார்க்க, இன்னொரு இடம் எழுதிவைக்க. 'ஒன்று கூட்டு' என்று கொடுத்தால் இரண்டு இடத்திலும் கூட்டும். நூல் ஒரு தடவை அறுந்தால் திரையில் இரண்டு. இத்தனை வருசமாக மில்லில் சூப்பர்வைசர்கள் திரையில் இருப்பதைப் பாதியாக்கி எழுதிக்கொள்கிறார்கள். யாரும் புகார் சொன்னதில்லை, மெஷினுக்கு அப்படி ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பல வருசமாகத் தெரியும். சொல்லவில்லை. அது அந்த ஆளின் பதினொன்றில் ஒன்று, நூறு சதம் அந்த ஆளுடையது, ஏனென்றால் அன்றைக்கு அவள் அறையிலேயே இல்லை, தங்கச்சி வளைகாப்புக்குத் தாராபுரம் போயிருந்தாள், திரும்பி வந்தபோது எழுதி முடித்திருந்தது. அந்தத் தப்பைச் சரி செய்யாமல், யாரிடமும் சொல்லாமல், வெல்லக்கட்டி மாதிரி வைத்திருந்து அவ்வப்போது நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கையை விட்டுப் போகப் போகிறது. கொடுப்பதை ஒரு பெயரில் பிடித்து வைத்துவிட்டு அந்தப் பெயரை இரண்டு இடத்தில் ஒட்டினால் தீர்ந்தது, ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி உள்ளே இருப்பதால் பட்டியலில் சேர்க்க முடியாது. தன் வழி சரிதானா என்று நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டாள், எங்கும் ஓட்டையில்லை, ஓட்டையில்லை என்பதே பயமாக இருந்தது.

"அடுத்தது நம்ம அக்காவோடதுங்க" என்றான் நவநீதன். திரையில் அவள் வேலை வந்தது. பழையது இடதுபுறம், புதியது வலதுபுறம். யாரோ மூலையிலிருந்து, "கோலம் போட்டாப்பல இருக்குதுங்க" என்றார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். வசந்தாமணி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டாள். இனி அந்த ஆள் பேச வேண்டும். பழைய மேக்ரோவைத் தொட்டால் எழுதியவர் சம்மதம் வேண்டும், அது விதி. எழுதியவர். அந்த ஆள் டீயைக் கடைசிவரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு பதினோரு வருசம் ஆகிறது, எது சொன்னாலும் நடுவில் ஒரு ஆள் வழியாகத்தான், பாலத்தில் சுங்கம் வாங்குகிறவன் மாதிரி நவநீதன் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுப்பான்.

"நல்லாத்தான் பண்ணியிருக்குது, நவநீதா. ஒரு எடத்துலகூடக் கோணல் இல்லை. சேர்த்துரு."

அவ்வளவுதானா? பென்சிலால் அத்தனை டிக், அதற்கு இவ்வளவுதானா? அந்த ஆளுக்கு அவள் திட்டம் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் நல்லாப் பண்ணியிருக்குது என்கிறது, பட்டியல் இருக்கும்போது எனக்கென்ன என்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. "வெறும் ஒழுங்குதானே அக்கா? விலக்குப் பட்டியல்ல போட்டுக்கறேன்" என்றான் நவநீதன், அவள் நினைத்த அதே வார்த்தையில். அவள் வாயைத் திறக்கும் முன்னே திரையின் கீழே சிவப்பாக ஒன்று வந்தது. மேக்ரோக்களை விரித்துப் பார்த்துப் பழையதும் புதியதும் ஒன்றா என்று ஒப்பிடுகிற சோதனை. நாற்பத்தைந்து பச்சை, ஒன்று சிவப்பு.

"இதென்னுங்க அக்கா பத்தொன்பதாவது? மாறியிருக்குதே."

"அது ஒழுங்கு இல்லீங்க தம்பி. நெசமான திருத்தம்" என்றாள். ரெட்டையாக எண்ணுவதைச் சொன்னாள். இரண்டு இடத்தில் ஒட்டுவதைச் சொன்னாள். மூலையில் இருந்தவர்கள் முதலில் நம்பவில்லை, பிறகு ஒருவன் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, "அட ஆமாங்க, ஒண்ணு கொடுத்தா ரெண்டு வருது" என்றான். "அப்ப இத்தனை வருசமா மில்லுல?" "பாதியா எழுதிக்கறாங்களாம்." சிரிப்பு எழுந்தது. "அப்பறம் சரி பண்ணிட்டோம்னா? அதையும் பாதியா எழுதுவாங்க. நூல் அறுக்கறது பாதியாக் கொறஞ்சுபோச்சுன்னு மொதலாளி கெடா வெட்டுவாரு." நவநீதனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் புண்ணியவான்டா இதை எழுதினது?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் பெயரைப் பார்த்தான். திரையில் இடதுபுறம் எல்லா வரியிலும் அந்தப் பெயர் இருந்தது. வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்கவே இல்லை, திட்டத்திலேயே இல்லை, தானாக வந்து விழுந்தது. வெல்லக்கட்டி முழுசாக வாயில். அந்த ஆளின் காது மடல் சிவந்ததைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் சொர்க்கம் என்றால் இதுதான் என்று இருந்தது.

"அது என்னுது இல்லீங்க" என்றார் குழந்தைவேலு. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடிச்சது நானு. சொன்னது வசந்தா. அன்னிக்குப் பின்னால நின்னு அது சொல்லச் சொல்ல நான் அப்படியே அடிச்சேன். எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு. சரி, சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

பொய். பொய். தாராபுரம், வளைகாப்பு, சிவப்பு வளையல் முழங்கை வரைக்கும், தங்கச்சி நாலு வகைச் சாதத்தையும் தின்னமாட்டேன் என்று அழுதாள், எல்லாம் கண்ணெதிரே நிற்கிறது. நான் அங்கே இருந்தேன், இங்கே இல்லை, என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும், சொல்ல வாயில் சொல் வந்துவிட்டது, வந்த சொல் பல்லில் முட்டி நின்றது. என்ன சொல்லியது அந்த ஆள்? அடிச்சது நானு, சொன்னது வசந்தா. இருபத்திரண்டு வருசத்தில் ஒரு நாள், ஒரு கூட்டத்தில், ஒரு மனுசனிடம் அந்த ஆள் இதைச் சொன்னதில்லை. பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லவில்லை. சம்பளம் ஏற்றியபோது, பொன்னாடை போர்த்தியபோது சொல்லவில்லை. தப்பு என்று வந்ததும் சொல்கிறது. மறந்துதான் போய்விட்டதா, எது யாருடையது என்று நிஜமாகவே குழம்பிவிட்டதா, வயசாகிவிட்டதா, இல்லை, பொய்தான் சொல்கிறது, பொய்யென்றால் மறக்கவில்லை என்று அர்த்தம், மறக்கவில்லை என்றால் மீதியும் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். இல்லை, நான் தாராபுரத்தில் இருந்தேன் என்று நிரூபித்தால் என்ன கிடைக்கும்? ஒரு தப்பு அந்த ஆளிடம் போய்ச் சேரும். கூடவே, பார்த்தீர்களா, சொன்னது நானில்லை என்று தானே சொல்லிவிட்டது அந்தம்மா என்று ஆகிவிடும். அடிச்சது நானு, சொன்னது வசந்தா என்ற வார்த்தையும் அந்தத் தப்போடு சேர்ந்து குப்பைக்குப் போகும். ஆமாம் என்றால்? ஆமாம் என்றால் தப்பு அவளுக்கு, கூடவே அந்த வார்த்தையும் அவளுக்கு. அவள் பின்னால் நின்று சொன்னாள் என்பது இந்த அறையில் இத்தனை பேர் காதில் ஏறிவிட்டது. ஆனால் அது அவளுடையது இல்லையே. பதினொன்றில் ஒன்று. இருபத்தொன்பது முப்பதாகும், பதினொன்று பத்தாகும். இத்தனை வருசம் ஒரு மேக்ரோவைக்கூட இந்தப் பக்கம் இழுக்காமல், ஆறை ஆறாகவே விட்டு வைத்திருந்தவள், இப்போது ஒன்றை இழுக்க வேண்டும், அதுவும் அழுகினதை. நல்லது ஒன்றை இழுத்திருந்தால் திருட்டு என்றாவது ஒரு பெயர் இருந்திருக்கும். இதற்கு என்ன பெயர்? எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த ஆள் பார்க்கவில்லை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தது. அவள் இல்லை என்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கு அடுத்த பேச்சை இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறது. சீவட்டும்.

"ஆமாங்க தம்பி" என்றாள் வசந்தாமணி. "அது நான் சொன்னதுதான். சார் சொல்றது சரி. நான் பின்னால நின்னு சொல்லுவேன், சார் அடிப்பார்."

பென்சில் நின்றது.

"அப்பெல்லாம் ஒரே கம்ப்யூட்டரு, ஒரே பேருங்க. யார் சொன்னாலும் சார் பேர்லதான் விழும்."

நவநீதன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குழந்தைவேலுவைப் பார்த்தான். "அப்ப மத்ததும் அப்படித்தானுங்களா சார்? அக்கா சொல்லி நீங்க அடிச்சது?"

"அது வந்து... இந்த ஒண்ணுப்பா. மத்தது எல்லாம் எங்க ஞாபகம் இருக்குது? எத்தனை வருசமாச்சு."

"இந்த ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்களே சார்" என்றது மூலை. நவநீதன் கையைக் காட்டி அடக்கினான், ஆனால் அவன் உதடும் அடங்கவில்லை. அடங்கியதும் நெற்றியைத் தேய்த்தான். "சிக்கலாச்சேங்க. கையேட்டுல மெஷின் எண்ணிப் போடறதுன்னு வெச்சிருந்தோம். மெஷின் அடிச்சவங்களைத்தான எண்ணும்? சொன்னவங்களை எப்படி எண்ணும்?"

"எண்ணாதுங்க" என்றாள் வசந்தாமணி. "நாம எண்ணிக்கலாம். ஒண்ணாவதுல இருந்து ஒவ்வொண்ணாத் திரையில போடுங்க. யார் சொன்னதுன்னு பேர் எழுதிக்கங்க. சார் இருக்காரு, நானும் இருக்கறேன். தெரியாததுக்குத் தெரியலைன்னு சொல்லிரலாம்."

"இன்னிக்கேங்களா அக்கா? வீட்ல வேற பழமுதிர் கடைக்குப் போய்ட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"இன்னிக்கே. பழம் அங்கேயேதான் இருக்கும். என்னோட திருத்தத்தை விலக்குப் பட்டியல்லயே போட்டுக்கங்க. அந்த ஒத்த வரியை மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுத்தர்றேன், மில்லுகளுக்கும் ஒரு கடுதாசி போட்டுருங்க, இனிமேப் பாதியாக்க வேண்டாமுன்னு."

சொல்லிவிட்டாள். இத்தனை வரியில் தட்டிய நாலாவது இடைவெளி அத்தனையும் ஒரு வாக்கியத்தில் போயிற்று, அது போனதில் ஒன்றும் வலிக்கவில்லை, வலித்தது வேறு இடத்தில், முப்பது என்று ஆகிப்போன இடத்தில். குழந்தைவேலு தாள்களை அடுக்கினார், எழுந்திருப்பவர் மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார், எழுந்தால் என்னவாகும் என்று அவரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். நவநீதன் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். திரையில் ஒன்றாவது மேக்ரோ வந்தது, மெஷினைப் படிப்படியாக நிறுத்துவதற்கானது. வசந்தாமணி அதைப் பார்த்ததுமே சொன்னாள்:

"இது சாருது."

குழந்தைவேலு தலையைத் திருப்பினார். பதினோரு வருசத்தில் முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தார், இவள் என்ன செய்கிறாள் என்று புரியாமல், புரிந்து பயந்து. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்கட்டும். பிடித்துப்போய்க் கொடுக்கவில்லை, பதினொன்றில் ஒன்று என்பதால் கொடுத்தாள். இரண்டாவது வந்தது. சுற்று எண்ணிக்கை, பெயரைத் தனியாகப் பிடித்து வைத்தது, அவளுடையது, நெற்றியில் எழுதின மாதிரி அவளுடையது. வசந்தாமணி வாயைத் திறக்கவில்லை. நவநீதன் விரலைக் கீபோர்டில் வைத்தபடி காத்திருந்தான். ஏசி ஓடியது. மூலையில் யாரோ இருமினார்கள். அவள் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், இன்றைக்கு விடிகிறவரை உட்கார்ந்திருக்கத் தயாராக.

"எழுதிக்கப்பா" என்றார் குழந்தைவேலு, தாளைப் பார்த்துக்கொண்டு. "அது அந்தம்மா சொன்னது."

கீபோர்டில் அவள் பெயர் விழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அந்த ஆளின் குரலே காதில் அருவருப்பாக இருந்தது, தன் பெயர் அந்த வாயில் பட்டு வந்த மாதிரி. இன்னும் நாற்பத்திநாலு. ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான், அந்த ஆளுடையதை அவள் சொல்ல வேண்டும், அவளுடையதை அந்த ஆள் சொல்ல வேண்டும், முடியும்வரை ஒருத்தரை ஒருத்தர் சகித்துக்கொண்டு. பத்தொன்பதாவது வரும்போது என்னுடையது என்று அவளே இன்னொரு தடவை சொல்வாள், அச்சிலும் அப்படியே ஏறும், நூலறுப்பு, வசந்தாமணி என்று, இனி வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து எந்தப் புண்ணியவதி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கில் பொய் அந்த ஒன்றுதான், மற்ற எதிலும் ஒரு இடைவெளிகூட விடப் போவதில்லை.

"மூணாவதைப் போடுங்க தம்பி" என்றாள்.